கிருஷ்ணகிரி பக்கம் மனை: ‘கோல்டு ரேட்டிங் பசுமை நகர்’ என்கிறார்கள், அதற்கு என்ன அர்த்தம்?

காவேரிப்பட்டணம் டீச்சர்:

வணக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பதினோரு வருஷம் வாடகை கொடுத்து அலுத்துப்போய், கிருஷ்ணகிரி பக்கம் 1200 சதுர அடியில் ஒரு மனை தேடுகிறோம்.

போன ஞாயிறு ஒரு லேஅவுட்டைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். பதினெட்டு ஏக்கர், போன வருஷம் வரை மாந்தோப்பாம். நுழைவாயிலில் பாலைவனத்து ஊரில் இருப்பதுபோல அலங்காரப் பனை. அதற்குப் பின்னால், இன்னும் லாரி ஏறாத செந்தூரா அடிக்கட்டைகள் குவிந்து கிடந்தன. கையில் கொடுத்த வழவழத் தாளில் ‘கோல்டு ரேட்டிங் பெற்ற பசுமை நகர்’. காரணம் நாலு போட்டிருந்தது: பூங்கா, மழைநீர் சேகரிப்பு, சோலார் தெருவிளக்கு, 24 மணி நேரக் காவலோடு கேட். கோல்டு யார் கொடுத்தது என்று கேட்டேன். “இன்டர்நேஷனல் மேடம்” என்றான் சேல்ஸ் தம்பி.

பக்கத்து லேஅவுட்டை விட சதுர அடிக்கு 200 ரூபாய் கூடுதல். எனக்கு 2,40,000 ரூபாய் ஆகிறது. அந்தப் பணத்துக்கு என்னதான் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பதிவு. கேட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை நடந்து பார்த்தேன், பதினெட்டு நிமிஷம். எட்டாவது படிக்கிற பெண் இருக்கிறாள்.

பாலக்கோட்டான்:

மேடம், நான் நகரமைப்பு படித்தவன். இப்போது சென்னையில் இதே ரேட்டிங் கோப்புகளைத் தயார் செய்கிற வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெறும் ‘கோல்டு’ என்று ஒன்று கிடையாது. கொடுத்த அமைப்பின் பெயர் வேண்டும். நம் நாட்டில் ஐஜிபிசி, அதாவது இந்தியப் பசுமைக் கட்டட மன்றம், நகரியங்களுக்கு ரேட்டிங் கொடுக்கிறது. கிரிஹா என்கிற இன்னொரு இந்திய பசுமை ரேட்டிங்கிலும் பெரிய வளாகங்களுக்குத் தனி முறை உண்டு. அமெரிக்க முறை லீட். அதில் குடியிருப்புப் பகுதிகளுக்கென்று 2009-இல் வந்தது லீட் என்டி. மொத்தம் 110 மதிப்பெண். 40 எடுத்தால் சான்று, 50 சில்வர், 60 கோல்டு, 80 பிளாட்டினம்.

கவனிக்கவேண்டியது மதிப்பெண் எங்கே கிடைக்கிறது என்பதைத்தான். லீட் என்டியின் நான்காம் பதிப்பில் இடத்தேர்வுக்கு 28, தெருக்களும் வீடுகளும் அமைந்த விதத்துக்கு 41, கட்டடம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் சேர்த்து 31. மீதி 10 புதுமைக்கும் வட்டார முன்னுரிமைக்கும். பொது விளக்கு, மோட்டார் போன்றவற்றின் மின்சிக்கனத்துக்கு மொத்தமே 1 மதிப்பெண்தான். உங்களுக்குக் காட்டிய தெருவிளக்கின் மதிப்பு அவ்வளவே.

பஸ் நிறுத்தம் 400 மீட்டர் நடைக்குள் இருக்கிறதா, நாளைக்கு எத்தனை பஸ் வருகிறது என்றெல்லாம் கணக்கெடுப்பார்கள். உங்கள் பதினெட்டு நிமிஷம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும்.

மதிப்பெண் போடுவதற்கு முன்பே தாண்டவேண்டிய கட்டாய நிபந்தனைகளும் உண்டு. நல்ல விளைநிலத்தை அழிப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஏக்கருக்குக் குறைந்தது 7 வீடு என்ற அடர்த்தி வேண்டும். இங்கே ஏக்கருக்கு இருபது மனை போட்டுவிடுவார்கள், ஆனால் பத்து வருஷம் கழித்துப் போனாலும் பதினெட்டு ஏக்கரில் ஆறு வீடு நிற்கும், மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம். அப்புறம் அந்த கேட். ஊர்க்காரர் நடமாட முடியாமல் பூட்டிய தெரு, லீட்டின் தெரு இணைப்புக் கணக்கில் சேரவே சேராது.

பூங்காவுக்கும் மயங்காதீர்கள். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், சாலை நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுப்பது சட்டம். மழைநீர் சேகரிப்பும் 2003-இலிருந்தே கட்டாயம். சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, அதற்கு உங்களிடம் 200 ரூபாய் கேட்கிறார்கள்.

ரேட்டிங்குக்கான பதிவு எண்ணைக் கேளுங்கள். ‘ரிஜிஸ்டர்’ செய்வது வேறு, சான்று வாங்குவது வேறு. திட்டத்துக்கு மட்டும் கொடுக்கிற சான்று, கட்டி முடித்த பிறகு கொடுக்கிற சான்று என்று அதிலும் இரண்டு வகை.

ரிட்டயர்டு சர்வேயர், பர்கூர்:

அம்மா, ரேட்டிங் கீட்டிங் எனக்குத் தெரியாது. அந்தத் தோப்புக்கு மேல்புறம் கரடு, அதாவது சின்னக் குன்று, இருக்கிறதா பாருங்கள். கரட்டில் விழுகிற மழை ஏரிக்கு இறங்க ஒரு வழி இருந்தே தீரும். சர்வே எண்ணை வைத்து எஃப்எம்பி என்கிற புல அளவு வரைபடமும், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் கிராமக் கணக்கான அ-பதிவேடும் எடுங்கள். ஓடை புறம்போக்கு எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் லேஅவுட் பிளானை அதன் மேல் வைத்துப் பாருங்கள். நாலு வருஷம் மழை பெய்யவில்லை என்றால் ஓடையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். தண்ணீர் மறக்காது.

ஓசூர் மல்லிகா:

டீச்சர், நான் குடியிருப்பது இந்த மாதிரி ரேட்டிங் வாங்கிய அடுக்குமாடிதான். கழிவுநீரைச் சுத்தம் செய்து கக்கூஸுக்கும் தோட்டத்துக்கும் விடுவோம் என்றார்கள். இரண்டு வருஷம் ஓடியது. கரண்ட் பில்லைப் பார்த்து சங்கத்தில் சண்டை வந்து, நிறுத்திவிட்டோம். நாங்களேதான் நிறுத்தினோம், பில்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. இப்போது கழிவை எடுக்க ஒரு லாரி வருகிறது, தண்ணீர் ஊற்ற ஒரு லாரி. சான்றிதழ் மட்டும் லிப்ட் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது.

நீங்கள் ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள். ஒகேனக்கல் தண்ணீர் அங்கே வருமா? நம் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். என் அக்கா பசங்களுக்குப் பல்லெல்லாம் காவி படிந்துவிட்டது.

காவேரிப்பட்டணம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. சர்வேயர் ஐயா, கரடு இருக்கிறது. எஃப்எம்பியும் எடுத்தோம். ஓடை லேஅவுட்டுக்குள்தான் வருகிறது, சரியாக அவர்கள் பூங்கா என்று பச்சை அடித்த இடத்தின் குறுக்கே. ஊஞ்சல் போடுவதாகச் சொன்ன மூலை அது.

மல்லிகா அக்கா, ஒகேனக்கல் குழாய் கிடையாது. தொள்ளாயிரம் அடி போர்தான், “ஆர்ஓ வைத்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். பதிவு எண் கேட்டதற்கு “அப்ளை பண்ணியிருக்கோம்” என்று பதில்.

இப்போது காவேரிப்பட்டணத்துக்குள்ளேயே ஒரு பழைய மனையைப் பார்த்து வைத்திருக்கிறோம். 900 சதுர அடிதான். பக்கத்து வீட்டு முருங்கை பாதி இந்தப் பக்கம்தான் தொங்குகிறது. பஸ் ஸ்டாண்டு ஆறு நிமிஷ நடை, குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. பத்திரத்தில் பழைய பங்காளிக் கையெழுத்து ஒன்று பாக்கி, அது வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

சேல்ஸ் தம்பியிடம், கேட் இருப்பதால் மார்க் குறையும் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “மேடம், கேட் இருக்குன்னு குறை சொன்ன முதல் கஸ்டமர் நீங்கதான்” என்றான்.