காட்ஸில்லா ஷோவா காலத் தொகுப்பு: பிளேயர் ஏற்க மறுக்கிறது, ஒலியிலும் படத்திலும் சில ஐயங்கள். வட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டுமா?

நிழல்திரை (கோயம்புத்தூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். க்ரைட்டீரியன் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட காட்ஸில்லா ஷோவா காலத் தொகுப்பை, அமெரிக்காவில் வசிக்கும் உறவினர் ஒருவர் ஊருக்கு வந்தபோது எனக்காக வாங்கி வந்தார். ஷோவா எனப்படும் பேரரசர் ஹிரோஹிடோவின் ஆட்சிக் காலத்தில், ஜப்பானின் தோஹோ நிறுவனம் 1954 முதல் 1975 வரை எடுத்த 15 காட்ஸில்லா அரக்கப் படங்களும் 8 ப்ளூரே வட்டுகளில் அடங்கிய, பெரிய புத்தக வடிவிலான தொகுப்பு அது. நெடுநாளாக நான் ஆசைப்பட்டுக் காத்திருந்த ஒன்று.

வீட்டிலிருக்கும் ப்ளூரே பிளேயர் இங்கே கடையில் வாங்கியது. இந்தத் தொகுப்பின் எந்த வட்டைப் போட்டாலும் சிறிது நேரம் சுழன்றுவிட்டு, இந்தப் பகுதியில் இதனை இயக்க இயலாது என்ற பொருளில் ஓர் அறிவிப்பைக் காட்டி நின்றுவிடுகிறது. பிளேயரின் மென்பொருளைப் புதுப்பித்தும், மெனுவில் நாட்டையும் மொழியையும் மாற்றியும் பயனில்லை. இந்தியாவில் வெளியான ப்ளூரே வட்டுகள் அதே பிளேயரில் நன்றாகவே ஓடுகின்றன.

வட்டில்தான் பழுதோ என்று அறிய, எல்லாப் பகுதி வட்டுகளையும் ஏற்கும் பிளேயர் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அங்கே ஓடின, ஆனால் வேறு ஐயங்கள் கிளம்பிவிட்டன. ‘கிங் காங் எதிர் காட்ஸில்லா’ படம் முழுவதும் ஆங்கிலத்தில் பேசுகிறது. ஜப்பானிய ஒலியைத் தேர்ந்தெடுக்க மெனுவில் இடமே இல்லை. நடுநடுவே அமெரிக்கச் செய்தியாளர் ஒருவர் தோன்றி நடப்பதை விளக்குகிறார். இசையும் அகிரா இஃபுகுபேயின் இசையாகத் தோன்றவில்லை. ‘இன்வேஷன் ஆஃப் ஆஸ்ட்ரோ மான்ஸ்டர்’ படத்தில் விண்வெளி வீரராக வரும் அமெரிக்க நடிகரின் உதட்டசைவுக்கும் குரலுக்கும் சற்றும் பொருத்தமில்லை. மற்றவர்களுக்கெல்லாம் சரியாகவே இருக்கிறது. 1954இல் வந்த முதல் படத்திலோ திரையின் இரு பக்கங்களிலும் கறுப்புப் பட்டைகள் உள்ளன. ஒரு காட்சி அடுத்த காட்சியில் கரையும் இடங்களில் படம் திடீரென்று மங்கி, மணல் தூவியதுபோல் ஆகி, பிறகு தெளிகிறது.

உறவினர் அடுத்த மாதம் அமெரிக்கா திரும்புகிறார். பழுதென்றால் அவரிடமே கொடுத்தனுப்பி மாற்றிக்கொள்ளலாம். இவற்றில் எது பழுது, எது இயல்பு என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையரீல் (சிங்கப்பூர்) மறுமொழி:

வணக்கம் நண்பரே. முதல் சிக்கலுக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். படங்களைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

உங்கள் பிளேயரிலும் பழுதில்லை, வட்டிலும் பழுதில்லை. ப்ளூரே வட்டுகளுக்கு உலகம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அமெரிக்கா, கனடா, ஜப்பான், கொரியா, சிங்கப்பூர் உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகள் ஏ பகுதியைச் சேர்ந்தவை. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி பகுதி. இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா ஆகியவை சி பகுதி. உங்கள் தொகுப்பு ஏ பகுதிக்கென்று பூட்டப்பட்டது. உங்கள் பிளேயர் சி பகுதிக்கு உரியது. இந்தப் பூட்டு, மெனுவில் தேர்ந்தெடுக்கும் நாட்டையோ மொழியையோ பார்ப்பதில்லை. தொழிற்சாலையிலேயே பிளேயருக்குள் பதிக்கப்பட்ட எண்ணைத்தான் பார்க்கிறது. ஆகவே மென்பொருளை எத்தனை முறை புதுப்பித்தாலும் அது மாறாது.

புதிய பிளேயர் வாங்குவதானால் ஒன்றை உறுதியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா ரீஜனும் ஓடும் என்று கடைக்காரர் சொன்னால், அது டிவிடிக்கா ப்ளூரேக்கா என்று கேளுங்கள். டிவிடிக்கான பகுதிப் பிரிவு முற்றிலும் வேறு. அதில் இந்தியா 5ஆம் பகுதி, அமெரிக்கா 1, ஜப்பான் 2. டிவிடி பூட்டு மட்டும் திறக்கப்பட்ட பிளேயர்கள் சந்தையில் ஏராளம். அவற்றில் உங்கள் தொகுப்பு ஓடாது. உறவினரிடமே அமெரிக்கப் பிளேயர் ஒன்றை வாங்கிவரச் சொல்வதும் ஒரு வழிதான். ஆனால் பின்புறம் மின்கம்பி நுழையும் இடத்துக்கு அருகில் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் படிக்கச் சொல்லுங்கள். அதில் 100–240 வோல்ட் என்றிருந்தால் நம் ஊர் மின்சாரத்தில் நேராக இணைக்கலாம். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இணைக்கவே கூடாது.

4கே அல்ட்ரா ஹெச்டி வட்டுகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது. முதல் காட்ஸில்லா படத்தை க்ரைட்டீரியன் 2024இல் 4கே வடிவிலும் வெளியிட்டது. அந்தப் பெட்டியிலுள்ள 4கே வட்டு இந்தியாவில் வாங்கிய 4கே பிளேயரில் ஓடும். உடன் வரும் சாதாரண ப்ளூரே வட்டு ஓடாது.

ஓவியச்சுருள் (டொரொன்டோ) மறுமொழி:

நிழல்திரை அவர்களுக்கு வணக்கம். ‘கிங் காங் எதிர் காட்ஸில்லா’ பற்றி நீங்கள் கேட்டிருப்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த வரிசையிலேயே மிகுதியாகச் சிதைக்கப்பட்ட படம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் பார்த்தது 1963இல் அமெரிக்காவில் வெளியான வடிவம். 1962 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியான மூலப்படம் அதே தொகுப்பில், கூடுதல் ஆக்கங்கள் அடங்கிய எட்டாம் வட்டில் இருக்கிறது. அமெரிக்க வெளியீட்டு உரிமை யூனிவர்சல் நிறுவனத்திடம் இருந்ததால், 2019இல் இந்தத் தொகுப்பு வரும்வரை ஜப்பானிய வடிவம் அமெரிக்காவில் முறைப்படி வட்டாக வெளிவரவே இல்லை. கூடுதல் பகுதியில் என்றாலும் அது கிடைத்ததே பெரிய பேறு.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இஷிரோ ஹோண்டா எடுத்தது, தொலைக்காட்சி விளம்பரப் போட்டியைக் கிண்டல் செய்யும் படம். தான் பணம் கொடுத்து நடத்தும் நிகழ்ச்சியை யாரும் பார்ப்பதில்லையே என்று தவிக்கும் மருந்து நிறுவன அதிகாரி, விளம்பரத்துக்காக ஓர் அரக்கனைப் பிடித்து வர ஃபாரோ தீவுக்கு ஆள் அனுப்புகிறார். இச்சிரோ அரிஷிமா அந்த அதிகாரியாக நடித்திருக்கும் அழகுக்காகவே படத்தை மீண்டும் பார்க்கலாம். அமெரிக்க வடிவத்தில் இந்தப் பகுதிகள் பெரிதும் வெட்டப்பட்டு, நீங்கள் சொன்ன செய்தியாளர் காட்சிகள் அங்கே புதிதாக எடுத்துச் சேர்க்கப்பட்டன. அருங்காட்சியக அறிஞர் ஒருவர் குழந்தைகளுக்கான படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காட்ஸில்லாவை விளக்குவதைக் கவனித்திருப்பீர்கள்; அதற்கும் ஹோண்டாவுக்கும் தொடர்பே இல்லை. இசையைப் பற்றிய உங்கள் ஐயமும் சரியே. இஃபுகுபேயின் இசையில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, யூனிவர்சலின் பழைய படங்களுக்கான இசைத்துண்டுகளை அங்கங்கே ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் வட்டு பழுதல்ல.

நிழல்திரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நண்பர் வீட்டில் எட்டாம் வட்டைப் போட்டுப் பார்த்தேன். ஜப்பானிய வடிவம் இருக்கிறது. ஜப்பானிய வடிவத்தில் காட்ஸில்லா வெல்வதாகவும் அமெரிக்க வடிவத்தில் கிங் காங் வெல்வதாகவும் நெடுங்காலமாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் இரண்டிலும் ஒரே முடிவுதான் வருகிறது. வேறு முடிவு கொண்ட பிரதி எங்காவது உண்டா? ஜப்பானில் வெளியான வட்டுகளை வாங்கினால் இதைவிடத் தெளிவாக இருக்குமா?

ஓவியச்சுருள் மறுமொழி:

அப்படி ஒரு பிரதி எங்கும் இல்லை. இரண்டு முடிவுகள் என்பது பத்திரிகைகள் வழியே பரவிய வதந்தி. அச்சில் வந்ததால் பலரும் நம்பிவிட்டார்கள். இரண்டு வடிவங்களிலும் இரு அரக்கர்களும் கடலில் விழுகிறார்கள், கிங் காங் மட்டும் மேலெழுந்து நீந்திச் செல்கிறது. கடைசியில் ஜப்பானிய வடிவத்தில் இருவரின் உறுமலும் கேட்கும். அமெரிக்க வடிவத்தில் கிங் காங்கின் உறுமல் மட்டும் கேட்கும். முடிவில் உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

தெளிவு பற்றிய உங்கள் கேள்விக்குப் பின்னால் வருத்தமான வரலாறு ஒன்று இருக்கிறது. 1969 முதல் தோஹோ நிறுவனம் பள்ளி விடுமுறைக் காலங்களில் சிறுவர்களுக்கென ‘சாம்பியன் திருவிழா’ என்ற பெயரில் படங்களைத் திரையிட்டது. பழைய காட்ஸில்லா படங்கள் நீளம் குறைக்கப்பட்டு அதில் மறுவெளியீடு கண்டன. 97 நிமிடம் ஓடிய இந்தப் படம் 1970இல் 74 நிமிடமாகச் சுருங்கியது. பிரதியை வெட்டியிருந்தால் பாதகமில்லை. மூல நெகட்டிவையே வெட்டிவிட்டார்கள். அதன் விளைவாக, பிற்காலத்தில் முழுநீள வடிவத்தை வெளியிட்டபோது, விடுபட்ட பகுதிகளைத் தரம் குறைந்த பிரதிகளிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. பழைய வெளியீடுகளில் ஒரு ஷாட் பளிச்சென்றும் அடுத்தது நிறம் வெளுத்தும் வருவதற்குக் காரணம் இதுதான். வெட்டப்பட்ட சுருள்கள் பின்னர் கண்டெடுக்கப்பட்டு, 2016இல் 4கே தரத்தில் முழுப்படமும் மீட்டெடுக்கப்பட்டது. அந்த மீட்பை ஜப்பானில் 4கே வட்டாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். வாங்குமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: தோஹோ ஜப்பானில் விற்கும் வட்டுகளில் பொதுவாக ஆங்கிலத் துணைத்தலைப்பு இருப்பதில்லை. வசனம் புரிய வேண்டுமானால் உங்களிடம் இருக்கும் எட்டாம் வட்டுதான் துணை.

ஒளியச்சு (சென்னை) மறுமொழி:

வணக்கம். மீதமுள்ள இரண்டு ஐயங்களுக்கும் விடை எளிது.

‘ஆஸ்ட்ரோ மான்ஸ்டர்’ படத்தில் வரும் அமெரிக்கர் நிக் ஆடம்ஸ். 1965இல் அமெரிக்கக் கூட்டுத்தயாரிப்பாக எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் அவர் படப்பிடிப்பின்போது ஆங்கிலத்திலேயே பேசினார்; உடன் நடித்த அகிரா தக்காராதாவும் குமி மிசுனோவும் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னார்கள். ஜப்பானிய ஒலித்தடத்தில் அவருக்கு வேறொருவர் பின்னணிக் குரல் கொடுத்திருக்கிறார். அதனால்தான் அவருடைய உதடுகள் மட்டும் ஒத்துவரவில்லை. அந்தப் படத்துக்கு இந்தத் தொகுப்பில் ஆங்கில ஒலித்தடமும் உண்டு. ரிமோட்டில் ஒலியை மாற்றிப் பாருங்கள். ஆடம்ஸின் உதடும் குரலும் பொருந்தும், மற்றவர்களுடையது விலகும். ஒலியும் காட்சியும் உண்மையிலேயே விலகியிருந்தால், எல்லா நடிகர்களுக்கும் ஒரே அளவில் விலகியிருக்கும். காட்ஸில்லாவின் காலடி ஓசையும் தவறிய நேரத்தில் கேட்கும். இந்தச் சோதனை எந்தப் படத்துக்கும் உதவும்.

பக்கவாட்டுக் கறுப்புப் பட்டைகளும் பழுதல்ல. 1954, 1955 ஆண்டுகளில் வந்த முதல் இரண்டு படங்கள் 1.37க்கு 1 என்ற பழைய சதுரச் சாயலான அளவில் எடுக்கப்பட்டவை. மூன்றாவது படமான ‘கிங் காங் எதிர் காட்ஸில்லா’விலிருந்துதான் வண்ணமும், தோஹோஸ்கோப் என்ற 2.35க்கு 1 அகலத்திரையும் வருகின்றன. அப்போது பட்டைகள் மேலும் கீழும் இருக்கும். தொலைக்காட்சியில் ஜூம் வைத்து நிரப்பினால் முதல் படத்தில் தலைகள் வெட்டுப்படும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

காட்சி கரையும் இடத்தில் படம் மங்குவது அந்தக் காலத் தொழில்முறையின் விளைவு. ஒரு காட்சியை மற்றொன்றில் கரைக்க, இரண்டு காட்சிகளையும் ஆப்டிகல் பிரின்டர் என்ற கருவியில் வைத்து மூன்றாவது ஃபிலிமில் மறுபடியும் படம்பிடிப்பார்கள். படியெடுத்த அந்தத் துண்டை நெகட்டிவில் ஒட்டும்போது, கரைதல் தொடங்குவதிலிருந்து முடிவதுவரை படத்தின் தரம் ஒரு படி இறங்கிவிடும். எய்ஜி ட்சுபுராயாவின் தந்திரக் காட்சிகளிலும் இதே நிலைதான். முதல் படத்தில், ஓடோ தீவில் மலைமுகட்டுக்கு மேல் காட்ஸில்லாவின் தலை முதன்முதலாக எழும் ஷாட்டை நிறுத்திப் பாருங்கள்; கீழே ஓடும் மக்களும் மேலே எழும் தலையும் தனித்தனியாக எடுத்து இணைக்கப்பட்டவை. இணைக்கும்போது விழுந்த கீறல் அந்த ஃபிலிமிலேயே பதிந்திருக்கும். கணினியில் ஒரேயடியாக அழுத்தித் துடைத்தால் முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும் என்பதால், ஓரளவு கீறலை அப்படியே விட்டுவைப்பதுதான் நல்ல மீட்பு என்று நான் கருதுகிறேன்.

ஆகவே எதையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆனாலும் உறவினர் புறப்படுவதற்குள், 8 வட்டுகளையும் விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்துக் கீறல் பாருங்கள். நண்பரின் பிளேயரில் ஒவ்வொன்றையும் தொடக்கம், நடு, இறுதி என்று சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். பழுதான ப்ளூரே வட்டு மங்கலாகவோ குரல் மாறியோ வராது. படம் கட்டம் கட்டமாக உடையும், உறைந்து நிற்கும், அல்லது அடுத்த காட்சிக்குத் தாவும்.

நிழல்திரை எழுதியது:

எல்லா வட்டுகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். உறைதலோ உடைதலோ எங்கும் இல்லை. நிக் ஆடம்ஸின் குரல் ஆங்கிலத் தடத்தில் அப்படியே பொருந்துகிறது. பிளேயர் வாங்க முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: ஏ பகுதி மட்டும் ஓடும் பிளேயர் போதுமா? இந்தத் தொகுப்போடு நிறுத்தும் எண்ணம் இல்லை. தோஹோவின் மற்றோர் அரக்கனான, ராட்சத அந்துப்பூச்சி மோத்ராவின் முதல் படத்தையும் வாங்க விரும்புகிறேன்.

பழையரீல் மறுமொழி:

அப்படியானால் மூன்று பகுதிகளையும் ஏற்கும் பிளேயரையே வாங்குங்கள். சி பகுதி இல்லாவிட்டால் உங்களிடம் இருக்கும் இந்திய வட்டுகளுக்குப் பழைய பிளேயரையும் வைத்திருக்க வேண்டிவரும். ஹோண்டா 1961இல் எடுத்த ‘மோத்ரா’வை யுரேக்கா நிறுவனம் 2020இல் பிரிட்டனில் ஜப்பானிய, அமெரிக்க வடிவங்கள் இரண்டையும் சேர்த்து ப்ளூரேயாக வெளியிட்டது, அது பி பகுதிக்கு உரியது. விற்பவரிடம் உங்கள் தொகுப்பின் ஒரு வட்டைக் கொடுத்து, அவர் முன்னிலையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.