காதல் நாவல் எழுதுகிறவர் வகுப்பும் எடுக்கப் போகலாமா?

உறங்காத பேனா:
பன்னிரண்டு வருஷத்தில் 14 காதல் நாவல் வந்திருக்கிறது. முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு எழுதுவேன், இப்போது ஒன்றை முடிப்பதற்கே மூச்சு வாங்குகிறது, ராயல்டியும் இறங்குமுகம்தான். இந்த நேரத்தில் இணையத்தில் எட்டு வார எழுத்துப் பயிற்சி நடத்தித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்கு இரண்டு பயம். நான் எப்படி எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாது, உட்கார்ந்தால் சில நாள் வரும், சில நாள் வராது, இதில் எதைப் பாடமாகச் சொல்வது? அடுத்தது, கற்றுக்கொடுக்கப் போன இரண்டு பேர் அதற்குப் பிறகு எழுதியே நான் பார்க்கவில்லை. போதாததற்கு என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், "காதல் கதையில சொல்லிக் கொடுக்க என்ன இருக்கு? பாப்பாங்க, சண்டை போடுவாங்க, சேருவாங்க" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். உள்ளே குத்தியது.

சிவப்பு மை:
முதலில் அந்த மனுஷருக்குப் பதில். துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்று கடைசி வரை மறைத்து வைக்கலாம். நம் கதையில் இரண்டு பேரும் சேருவார்கள் என்பது அட்டைப்படத்திலேயே தெரிந்துபோகிறது. தெரிந்த முடிவை வைத்துக்கொண்டு ஒருத்தரை ராத்திரி இரண்டு மணி வரை தூங்கவிடாமல் செய்ய வேண்டும், அதுவும் மில்ஸ் அண்ட் பூன் என்ற ஆங்கிலக் காதல் நாவல் பதிப்பகத்தின் மாதிரித் தொடர் வரிசைக்கு என்றால் சுமார் 50,000 சொல்லுக்குள். முடிந்தால் அவரையே ஒரு அத்தியாயம் எழுதச் சொல்லுங்கள்.

ஒன்பது வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். பமீலா ரெஜிஸ் என்ற ஆய்வாளர் 2003இல் காதல் நாவலுக்கு எட்டுக் கூறுகள் சொன்னார்: சந்திப்பு, ஈர்ப்பு, தடை, எல்லாம் முடிந்துபோனது என்று தோன்றும் அந்தச் சாவு மாதிரியான கட்டம், இப்படி. நான் அதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன். மீதி ஏழு வாரமும் தடையில்தான் போகும், ஏனென்றால் வருகிற முக்கால்வாசிக் கதையில் அவன் ஒரு போன் பண்ணியிருந்தால் மூன்றாம் அத்தியாயத்திலேயே கதை முடிந்திருக்கும். அது தடை இல்லை, சோம்பேறித்தனம் (ஆமாம், நானும் அப்படி ஒன்று எழுதி அச்சில் வந்திருக்கிறது).

விதியைச் சொல்லித் தருவது சுலபம். கஷ்டம் எழுதிய பக்கத்தில் இருக்கிறது. ஒரு மாணவி மூன்று வருஷம் கழித்து அவனைப் பார்க்கும் காட்சியை "அவள் இதயம் படபடத்தது" என்று எழுதியிருந்தார். அப்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று மட்டும் கேட்டேன். யாருக்கோ தன் போன் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றார். அடுத்த வாரம் திருத்தி வந்ததில், அவன் உள்ளே வந்ததும் அவள் சொந்த நம்பரிலேயே ஒரு எண்ணை விட்டுவிட்டுச் சொல்கிறாள், எதிரில் இருப்பவர் "ஒன்பது இலக்கம்தான் வருதுங்க" என்கிறார். இதயம் என்ற சொல்லே இல்லை. உங்களுக்கும் இதைப் பார்க்கத் தெரியும், 14 நாவல் பின்னே எப்படி வந்தது? எப்படி எழுதுகிறீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டாம், அடுத்தவர் பக்கம் எங்கே படுத்துவிட்டது என்று காட்டத் தெரிந்தால் போதும்.

மூன்றாம் வரைவு:
நான் இரண்டு பேரிடம் படித்தவன். ஒருவர் அழகாகப் பேசுவார், கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஒரு வரி வராது. இன்னொருவர் தன் பழைய மோசமான வரைவைக் கொண்டுவந்து போட்டுவிட்டு "இதில் என்ன கோளாறு, சொல்லுங்க" என்பார். அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

கணக்குப் பிள்ளை:
எல்லாரும் போங்க போங்க என்கிறீர்கள், நான் இரண்டு வருஷம் எடுத்துவிட்டு வெளியே வந்தவன், கணக்கைச் சொல்கிறேன். 15 மாணவர், வாரத்துக்கு ஆளுக்கு 2,000 சொல் என்றால் 30,000 சொல் படித்துக் குறிப்பு எழுத வேண்டும். அது பாதி நாவலுக்கும் மேல், வாரா வாரம். அதைவிட மோசம், நம் வரியை எழுதும்போதே உள்ளே ஒரு ஆசிரியர் உட்கார்ந்து அடிக்கோடு போட ஆரம்பித்துவிடுவார். ஒரே வழி, எழுதுவது காலையில், மாணவர் பக்கத்தைத் திறப்பது மத்தியானத்துக்கு மேல். நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் ஒப்பந்தம். என் வகுப்பைப் பதிவு செய்தவர்கள், நான் விலகிய பிறகும் அதை விற்றுக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒரு காசு வரவில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான், யாரைச் சொல்ல? பதிவு யாருக்குச் சொந்தம், எத்தனை நாளுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். ராயல்டி விவரத்தைப் படிக்கிற மாதிரியே படியுங்கள். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 70 சதவீத ராயல்டி என்பது குறிப்பிட்ட விலை வரம்புக்குள் இருந்தால்தான், தாண்டினால் 35 ஆகிவிடும் என்பது நமக்கு மனப்பாடம், வகுப்பு ஒப்பந்தத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறோம்.

சிவப்பு மை:
கணக்குப் பிள்ளை சொல்வது சரி, ஆனால் 15 பேரை ஏன் ஒத்துக்கொண்டீர்கள்? பிரிட்டனின் ரொமான்டிக் நாவலிஸ்ட்ஸ் அசோசியேஷன் 1960இல் தொடங்கியது, அவர்களுடைய புது எழுத்தாளர் திட்டத்தில் வகுப்பே பிரதானம் இல்லை. இன்னும் நாவல் வராதவர் கையெழுத்துப் பிரதியை அனுப்புவார், அனுபவமுள்ளவர் ஒருவர் முழுதும் படித்து அறிக்கை எழுதித் தருவார். மேடை பயமாக இருந்தால் இப்படியும் தொடங்கலாம்.

உறங்காத பேனா:
எல்லாருக்கும் நன்றி. எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதிவு பற்றியும் கேட்டாயிற்று, பதில் வரவில்லை. அதற்குள் முதல் வாரத்துக்கு ஆகும் என்று என் நாலாவது நாவலின் முதல் வரைவைத் தோண்டி எடுத்தேன். முதல் பக்கத்திலேயே இதயம் மூன்று தடவை படபடக்கிறது.