கணுக்கால் வீக்கத்துக்குக் கரண்ட் வைத்தால் வடியுமா?

வாலிபால்_பைத்தியம்: வலையருகே குதித்து இன்னொருவர் காலின்மேல் இறங்கியதில் இடது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனால் வெளிப்பக்கம் முட்டை மாதிரி வீக்கம். பிசியோ ஒருவர் கரண்ட் வைத்தால் சீக்கிரம் வடியும் என்கிறார், மொத்தப் பணமும் முன்கூட்டியே வேண்டுமாம். கட்டலாமா?

பிசியோ_அக்கா: அவசரப்படாதீங்க தம்பி. நானும் இந்தத் தொழில்தான், மிஷினும் வைத்திருக்கிறேன். எலி, தவளைகளில் அடிபட்ட உடனே நொடிக்கு 120 துடிப்பு என்ற கணக்கில் உயர் வோல்டேஜ் கரண்ட் கொடுத்தபோது வீக்கம் உருவாவது குறைந்தது. விளையாட்டு வீரர்களிடம் அதைச் சோதித்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், கரண்ட் வைத்தவர்கள் ஒன்றும் சீக்கிரமாக மைதானம் திரும்பவில்லை. டென்ஸ் மிஷின் (தோல்மேல் பட்டை ஒட்டி லேசான கரண்ட் கொடுப்பது) வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கும், அவ்வளவுதான். கெண்டைத்தசை சுருங்கினால் தேங்கிய நீர் மேலேறும். அதற்குப் பாதத்தை நீங்களே மேலும் கீழும் அசைத்தால் போதும். கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது, வலி பொறுக்கும் அளவு நடை. அப்புறம் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி. அதை விட்டால்தான் மறுபடி மடங்கும்.

சும்மா_வந்தவன்: அப்பாவுக்கும் முட்டிக்குக் கரண்ட் வைக்கலாமா? பேஸ்மேக்கர் இருக்கிறது.

பிசியோ_அக்கா: இதய டாக்டரைக் கேட்காமல் மிஷின் பக்கமே போகக்கூடாது.

வாலிபால்_பைத்தியம்: சரி அக்கா, பணம் கட்டவில்லை. பேண்டேஜை ராத்திரியும் கட்டியே தூங்கணுமா?

பிசியோ_அக்கா: கழற்றிவிடுங்க. காலுக்கடியில் இரண்டு தலையணை.