பழைய டிராக்டர் லிப்ட் விட்டு விட்டு ஏறுது: பம்ப்பை மாத்தணுமா?

வலங்கைமான் குறுவை
வண்டி 35 எச்.பி., பழசு. லிப்டுக்கு ஆயிலைத் தள்ளற பம்ப், பின்பக்க ஹவுசிங்குக்குள்ளேயே ஆயில்ல மூழ்கி இருக்கிற மாடல். கியருக்கும் லிப்டுக்கும் ஒரே ஆயில்தான். பின்னாடி மாட்டியிருக்கிற ரொட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) லிப்ட்ல தூக்கினா ஒரே மூச்சில் ஏறாம விட்டு விட்டு ஏறுது. மேலே போய் நின்ன பிறகும், லிவரைத் தொடாமலே மேலும் கீழும் ஆடிக்கிட்டே இருக்கு. வரப்பு தாண்டும்போது பிளேடு வரப்பைக் கொத்திடுது. பட்டறையில பம்ப் போச்சு, புதுசு போடுங்கன்னுட்டாங்க. ஜூன் 12 மேட்டூர் திறந்தா சேத்துழவு ஆரம்பிச்சிடும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒரத்தநாடு பட்டறை
மாத்திடுங்க தம்பி. அந்தப் பம்ப்ல நாலு பிஸ்டன். ஒவ்வொண்ணுக்கும் இழுக்க ஒரு வால்வு, தள்ள ஒரு வால்வு. அதுல ஒண்ணு சீட்டுல சரியா உட்காரலைன்னாலும் சுத்துக்கு ஒரு தடவை அழுத்தம் விட்டுப் போகும். லிப்ட் குலுங்கித்தான் ஏறும். பம்ப்பை எடுக்க லிப்ட் கவரைக் கழட்டணும்னா டிரைவர் சீட்டை எடுத்து, சங்கிலி போட்டுத் தூக்கணும். அந்த வேலையை ஒரு சீசன்ல ரெண்டு தடவை யாரும் செய்ய முடியாது. திறக்கும்போதே பம்ப், லிப்ட் சிலிண்டர் பிஸ்டன் ரிங், ரப்பர் ஓ ரிங் எல்லாத்தையும் மாத்திடறதுதான் புத்திசாலித்தனம்.

கீழ்வேளூர் டிரைவர்
அண்ணே, தம்பி ரெண்டு கோளாறு சொல்லியிருக்காரு, நீங்க ஒண்ணுக்குத்தான் பதில் சொல்லியிருக்கீங்க. ஏறும்போது குலுங்கறதுக்குப் பம்ப் வால்வும் காரணமா இருக்கலாம், ஆயில் குறைஞ்சு காத்து இழுத்தாலும் அப்படித்தான் இருக்கும், ஸ்ட்ரெய்னர் (ஆயில் வடிகட்டற வலை) அடைச்சிருந்தாலும் அப்படித்தான். நின்ன இடத்துல ஆடறது தனி விஷயம். தூக்கி வச்ச ஆயில் எங்கேயோ கசியுது, லிப்ட் இறங்குது, கண்ட்ரோல் வால்வு அதைப் பார்த்து மறுபடி தூக்குது. இது மாறி மாறி நடக்குது.

தம்பி, ரொட்டவேட்டரை மேலே தூக்கி வச்சு இன்ஜினை அணைச்சிடுங்க. பின்னாடி, அடியில யாரும் நிக்கக் கூடாது. தானா இறங்குதான்னு பாருங்க. அப்புறம் டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் நிறத்தைப் பாருங்க.

சீர்காழி சம்பா
டிராப்ட் லிவர் எந்த இடத்துல இருக்கு? அது சரியா இல்லைன்னா கருவி ஆடும். டிராப்டே அதுக்காக வந்ததுதானே. ஹாரி ஃபெர்குசன் கொண்டுவந்து, 1939ல ஃபோர்டு 9என் வண்டி மூலமா பரவின முறை: மண்ணு கெட்டியானா, கலப்பையை மேலே வண்டியோட இணைக்கற டாப் லிங்க்ல வர்ற அழுத்தத்தை வச்சுக் கலப்பையைத் தானா கொஞ்சம் தூக்கும். ரொட்டவேட்டருக்கு அது வேண்டாம், வச்ச உயரத்துலயே நிறுத்தற பொசிஷன் லிவர்லதான் ஓட்டணும்.

கீழ்வேளூர் டிரைவர்
ஓட்டும்போது நீங்க சொல்றது சரிங்க. ஆனா இவருக்கு மண்ணைத் தொடாம அந்தரத்துல நிக்கும்போதே ஆடுது. அதனால கசிவைத்தான் முதல்ல பார்க்கணும்.

வலங்கைமான் குறுவை
பார்த்தேன். பொசிஷன் லிவர்லதான் ஓட்டறேன். இன்ஜினை அணைச்சதும் மெதுவா இறங்க ஆரம்பிச்சு, டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள பிளேடு தரையில உட்கார்ந்திடுச்சு. ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கு. ஒரு சொட்டைச் சூடான இரும்புத் தகட்டுல விட்டேன், படபடன்னு வெடிச்சுது.

ஒரத்தநாடு பட்டறை
அப்ப தண்ணி இறங்கியிருக்கு. சேத்துல அச்சு மூழ்க ஓட்டற வண்டிக்கு இது வாடிக்கை. இப்ப என் பேச்சு இன்னும் பலமாகுது: தண்ணி கலந்த ஆயில்ல ஓடின பம்ப் வால்வுல துரு குழி விழுந்திருக்கும். புது ஆயில் ஊத்தினா கொஞ்ச நாள் நல்லா இருக்கற மாதிரி இருக்கும், நடு உழவுல மறுபடி படுத்திடும். அந்த நேரத்துல வாடகை வண்டி கிடைக்குமா?

கீழ்வேளூர் டிரைவர்
குழி விழுந்திருக்கலாம்னு சொல்லுங்க, ஏத்துக்கறேன். விழுந்தாச்சுன்னு பார்க்காமலே பம்ப் காசை வாங்கறதுதான் எனக்குப் பிடிக்கலை. இந்த மாடல்ல பக்கத்து மூடி இருக்குண்ணே. அந்த மூடிக்குக் கீழே மட்டம் வர்ற வரைக்கும் மட்டும் ஆயிலை இறக்கி, மூடியைக் கழட்டி, சுமையோட தூக்கி வச்சு இன்ஜினை அணைச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஆயில் எங்கே வழியுதுன்னு கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் உள்ளே விடக் கூடாது. சிலிண்டர் வாயில வழிஞ்சா பிஸ்டன் ரிங். பம்ப்லேர்ந்து மேலே போற குழாய் அடியில பீச்சினா ஓ ரிங், சில்லறைச் செலவு.

ஒரத்தநாடு பட்டறை
மூடியைத் திறந்து பார்க்கறதுல எனக்கு மறுப்பு இல்லை. ஆனா பம்ப் உடம்புலேர்ந்தே வழிஞ்சா அப்புறம் பேச்சே கிடையாது, மாத்தணும். ரிங்குன்னாலும் லிப்ட் கவரைக் கழட்டித்தான் ஆகணும், அப்ப பம்ப் வால்வையும் எடுத்துப் பார்த்துடணும். மேலே கசிவே தெரியாம இறங்கிக்கிட்டு இருந்தாலும் வால்வுதான். உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடறது வெளியே தெரியாது.

கீழ்வேளூர் டிரைவர்
அந்தக் கடைசி விஷயம் நியாயம், அது எனக்கும் சம்மதம். தம்பி, எது எப்படி ஆனாலும் பழைய ஆயிலை முழுசா இறக்கி, ஸ்ட்ரெய்னரை டீசல்ல கழுவுங்க. ரொட்டவேட்டரைச் சுத்த வைக்கற பி.டி.ஓ. ஷாஃப்ட் சீல், பின் அச்சு சீல், டிப் ஸ்டிக் வாய் மூணையும் பாருங்க. தண்ணி வந்த வழி பெரும்பாலும் அதுல ஏதோ ஒண்ணாத்தான் இருக்கும். அதை அடைக்காம புது ஆயில் ஊத்தாதீங்க.

வலங்கைமான் குறுவை
நாளைக்குக் காலையில பக்க மூடியைக் கழட்டறோம். வழியற இடத்தைப் படம் எடுத்துப் போடறேன், ரெண்டு அண்ணனும் பார்த்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் பம்ப்புக்கு முன்பணம் கொடுக்கலை.