கூரை மாற்றும்போதே சோலாரும் பூட்டலாமா?

கல்லடி மகள்:
வணக்கம். எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலில் இருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே. முன்பக்கம் ஓடு, குசினியும் பின் அறையும் அஸ்பெஸ்டஸ் சீற், அப்பா 1994 இல் கட்டியது. போன மாரியில் நாலு இடத்தில் ஒழுகி அம்மாவின் கட்டிலை மூன்று தரம் நகர்த்தினோம். அதனால் முழுவதையும் பிரித்து அலுமினியப் பூச்சுச் சீற் போடப் போகிறோம். கட்டாரில் இருக்கிற அண்ணன், அதோடு 5 கிலோவாற் சோலாரும் பூட்டு என்கிறான். கூரை வேலை செய்கிற பாஸ், சோலாருக்கு ஒரு வருசம் போகட்டும் என்கிறார். சோலார்காரரோ வீதியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு இப்போதே செய்யலாம் என்று சொல்லிப் போய்விட்டார், உள்ளே ஏறி ஒரு மரத்தைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு தடவை செலவழிக்க எங்களிடம் பணம் இல்லை. யார் சொல்வதைக் கேட்பது?

ஆரையம்பதி அண்ணன்:
தங்கச்சி, கூரைதான் முதல், ஆனால் ஒரு வருசம் காத்திருக்கத் தேவையில்லை. ஓட்டைப் பிரிக்கிற அன்று மரவேலை ஓடாவியையும் சோலார்காரரையும் ஒன்றாக வரச் சொல்லுங்கள், அன்றைக்குத்தான் மரம் வெளியே தெரியும். 5 கிலோவாற்றுக்கு 550 வாற் சோலார் பெனல் ஒன்பதோ பத்தோ வரும், ஒவ்வொன்றும் 27, 28 கிலோ, தாங்குகிற றெயிலோடு எல்லாமாக 300 கிலோ அளவு. ஓடு தாங்கிய மரத்துக்கு இது பாரமே இல்லை, சீற்றும் பெனலும் சேர்ந்தாலும் ஓட்டின் பாரத்தில் பாதி வராது. எனக்குப் பயம் காற்றைத்தான். இத்தனை வருசம் கூரையை அமத்திப் பிடித்தது ஓட்டின் பாரம், அது போனதும் சீற்றும் பெனலும் மேலே இழுபடும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட யாரையும் கேட்டுப் பாருங்கள், நம்ம ஊரில் எத்தனை கூரை பறந்தது என்று சொல்வார்கள். அதனால் சரிவாக இறங்குகிற கைமரத்தையும் அதைத் தாங்குகிற தீராந்தியையும் சுவரோடு இரும்புப் பட்டி போட்டுக் கட்டுங்கள், றெயிலின் ஆணி சீற்றோடு நிற்காமல் கீழே மரத்தைப் பிடிக்க வேண்டும், கூரை ஓரத்தில் ஓரிரு அடி விட்டுத்தான் பெனல். குசினிப் பக்க மரம் அஸ்பெஸ்டசுக்குப் போட்டது, மெல்லிசாக இருக்கும், அதை மாற்றத்தான் வேண்டும்.

சாய்ந்தமருது நானா:
நான் தலைகீழாகச் செய்து பட்டவன். பழைய அஸ்பெஸ்டஸ் மேலேயே துளை போட்டுப் பூட்டினார்கள், இரண்டாவது மாரியில் ஒவ்வொரு ஆணியடியிலும் தண்ணீர். பெனல் எல்லாம் கழற்றி, கூரை மாற்றி, திரும்பப் பூட்டினேன், கூலி இரண்டு முறை, போதாததற்கு ஒரு பெனல் வெடித்தும் போனது. பெனல் 25 வருசம் நிற்கிற சாமான், அதற்குக் கீழே பத்து வருசம் தாங்காத கூரையை விடாதீர்கள். பழைய சீற்றை உடைக்க விடவேண்டாம், தண்ணீர் அடித்து நனைத்து முழுசாக இறக்கச் சொல்லுங்கள், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது, அம்மாவை அந்த நாட்களில் வேறு வீட்டில் வைத்திருங்கள். கடலுக்குப் பக்கம் என்றால் ஆணி, நட்டு எல்லாம் துருப்பிடிக்காத உருக்குத்தான், சாதாரண இரும்பு என்றால் உப்புக்காற்று தின்றுவிடும்.

வாழைச்சேனைத் தம்பி:
அக்கா, கூரையில் கை வைக்கும் முன்பே மின்சார அலுவலகத்தில் சோலார் இணைப்புக்கு விண்ணப்பம் போடுங்கள். உங்கள் பக்கத்து ட்ரான்ஸ்போமரில் இடம் இல்லையென்றால் இணைப்புக் கிடைக்காது, பெனல் சும்மா வெயில் காயும். இன்னொன்று, பெனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டிதான் இன்வேர்ட்டர், அது பற்றரி இல்லாத சாதாரணமானது என்றால் கரண்ட் போனதும் சோலாரும் நின்றுவிடும், லைனில் வேலை செய்கிறவருக்கு அடிக்கக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நிறையப் பேர் இது தெரியாமல் வாங்கிவிட்டுக் கவலைப்படுகிறார்கள். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டதும் ஞாபகம் இருக்கும். பற்றரிக்கு இப்போது காசு இல்லையென்றால் பின்னால் பற்றரி சேர்க்கக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டராகக் கேளுங்கள். வயர் வருகிற குழாயைச் சீற் மூடும் முன்பே இறக்கி வையுங்கள். தெற்குச் சரிவு நல்லது, இல்லையென்றால் கிழக்கு மேற்கும் பரவாயில்லை, நம்ம ஊரில் வித்தியாசம் குறைவு. ஆனால் தென்னை நிழல் விழவே கூடாது, ஒரு பெனலில் விழுந்தாலே மற்றதும் குறையும். தேங்காய் விழுந்தால் சொல்லவே வேண்டாம்.

கல்லடி மகள்:
எல்லோருக்கும் நன்றி, நானாவுக்கு விசேசமாக. தெற்குப் பக்கம் பக்கத்து வளவுத் தென்னை ஒன்று சாய்ந்து நிற்கிறது, மாமியிடம் கேட்க வேண்டும். திங்கள் விண்ணப்பம் போடுகிறேன். ஓடாவியிடமும் பேசிவிட்டேன், தீராந்தியைத் தட்டிப் பார்க்கச் சனிக்கிழமை வருகிறார். அண்ணன், அந்த இரும்புப் பட்டி எத்தனை அடிக்கு ஒன்று போட வேண்டும்?

ஆரையம்பதி அண்ணன்:
ஒவ்வொரு கைமரத்துக்கும் ஒன்று. அதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.