கார்டில் 42,000 தேய்த்தோம், கணக்கில் 40,761தான் வந்தது. எங்கே தவறு?

விளக்குக்கடை மகள்:
எல்லோருக்கும் வணக்கம். நாச்சியார்கோவிலில் அப்பாவோடு சேர்ந்து பித்தளைக் குத்துவிளக்குக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். முன்னால் கடை, பின்னால் பட்டறை. இவ்வளவு நாளும் ரொக்கமும் அப்பாவின் ஜிபேயும்தான். முகூர்த்த நாட்களில் வருகிறவர்கள் கிரெடிட் கார்டை நீட்டிவிட்டு, இல்லை என்றால் வெளியே போய்விடுகிறார்கள் என்பதால் இரண்டு மாதம் முன்பு எங்கள் வங்கியிலேயே கார்டு மெஷின் வாங்கினோம். கொண்டுவந்து கொடுத்த பையன், "எல்லாக் கார்டுக்கும் ஒன்றரை பர்சென்ட்தான் அக்கா" என்று சொன்னார்.

போன சனிக்கிழமை ஒருவர் நாலடி அன்ன விளக்கு ஒரு ஜோடி வாங்கினார். பில் 42,000. ஒன்றரை சதவீதம் என்றால் 630 போக 41,370 வர வேண்டும். திங்கட்கிழமை வந்தது 40,761. அதற்கு முந்தின வாரம் ஒரு விசா டெபிட் கார்டில் 12,000 தேய்த்தோம், வந்தது 11,872 ரூபாய் 56 காசு. இது தவிர மெஷின் வாடகை என்று மாதம் 472 தனியாகப் போகிறது.

பித்தளை விலை கிலோ கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. பட்டறைக் கூலி போக எங்களுக்கு நிற்பதே கொஞ்சம்தான். அப்பா, "இனிமேல் கார்டு என்றால் பில்லில் 2 பர்சென்ட் ஏற்றிவிடு" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

இன்னொன்று. கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆரில் ஒரு அம்மா ரூபே கிரெடிட் கார்டை வைத்துக் கட்டப் பார்த்தார். மூன்று தடவையும் ஏற்கவில்லை. கடைசியில் ரொக்கம் எடுக்க ஏ.டி.எம். போனவர் திரும்பி வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
கவலைப்படாதேம்மா, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 42,000-இல் 40,761 போனால் 1,239. இது ஒரே தொகை இல்லை, இரண்டு. 42,000-க்கு 2.5 சதவீதம் 1,050. அந்த 1,050 மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 189. கூட்டினால் சரியாக 1,239. அதாவது உன் கார்டுக்கு ஒன்றரை போடவில்லை, இரண்டரை போட்டிருக்கிறார்கள்.

கிரெடிட் கார்டுக்கு வணிகரிடம் எவ்வளவு பிடிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. அது உனக்கும் வங்கிக்கும் நடுவிலான ஒப்பந்தம். சாதாரணக் கார்டுக்கு ஒன்று, கம்பெனிக் கார்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக் கார்டுக்கு ஒன்று என்று விகிதம் மாறும். நீ கையெழுத்துப் போட்ட தாள்களில் விகிதப் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கும். அதை எடு. அந்தச் சிலிப்பையும் எடுத்துப் பார். வாங்கியவர் யார் என்று ஞாபகம் இருக்கிறதா?

டெபிட் கார்டு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் கடையின் போன நிதியாண்டு விற்பனை எவ்வளவு?

விளக்குக்கடை மகள்:
ஐயா, ரொம்ப நன்றி. சிலிப்பை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். வெயில் பட்டுப் பாதி எழுத்து வெளுத்துவிட்டது, கார்டின் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிறது. ஆனால் வாங்கியவர் கம்பெனி பெயரில் பில் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. புது அலுவலகத் திறப்புக்கு என்று சொன்னார்.

தாள்களையும் தேடி எடுத்தேன். ஆறாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: சாதாரணக் கிரெடிட் கார்டு 1.5, கம்பெனிக் கார்டு 2.5, வெளிநாட்டுக் கார்டு 3.25, எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. தனி. அப்பா அந்தப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

போன வருட விற்பனை 17 லட்சம் சொச்சம். ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
அப்படியானால் 42,000 கணக்கு முடிந்தது. வங்கி எடுத்தது ஒப்பந்தப்படிதான். "எல்லாக் கார்டுக்கும் ஒன்றரை" என்று வாயால் சொன்னதுதான் தப்பு.

இப்போது டெபிட் கார்டுக்கு வருவோம். இங்கேதான் உனக்குப் பணம் திரும்ப வர வழி இருக்கிறது, கவனமாகப் படி. டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது, 2018 ஜனவரி 1 முதல். முந்தின நிதியாண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள சிறு வணிகர் என்றால் மெஷினில் தேய்ப்பதற்கு 0.40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்தான் எல்லை. 20 லட்சத்துக்கு மேல் என்றால் 0.90 சதவீதம், எல்லை 1,000 ரூபாய்.

உன் 12,000-க்கு 0.90 போட்டால் 108. அதற்கு ஜி.எஸ்.டி. 19.44. மொத்தம் 127.44. உனக்கு வந்த தொகையோடு காசு பிசகாமல் பொருந்துகிறது. அதாவது உன் கடையைப் பெரிய வணிகர் பட்டியலில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சரியான பட்டியலில் இருந்தால் 48-உம் ஜி.எஸ்.டி. 8.64-உம் சேர்த்து 56.64தான் போயிருக்கும். ஒரே ஒரு விற்பனையில் 70 ரூபாய் 80 காசு கூடுதலாகப் போயிருக்கிறது.

ரூபே டெபிட் கார்டாக இருந்தால் வங்கி இப்படிப் பிடிக்கும் கழிவே கிடையாது, 2020 ஜனவரி 1 முதல் பூஜ்யம். இரண்டு மாத ஸ்டேட்மென்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார். விற்பனை கணக்கைக் காட்டும் வருமான வரி ரிட்டர்ன் நகலை இணைத்து, வகையை மாற்றச் சொல்லியும் கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பச் சொல்லியும் கிளைக்கு எழுத்தில் கொடு. நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனுக்கு, அதாவது வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளருக்கு, இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை.

சுங்குடிக்கடை, மதுரை:
தங்கச்சி, அப்பா சொன்ன 2 பர்சென்ட்டை மட்டும் தயவுசெய்து ஏற்றாதீர்கள். நான் ஏற்றி அவஸ்தைப்பட்டவன்.

4,300 ரூபாய் பில்லில் 86 ரூபாய் கார்டு சார்ஜ் என்று தனி வரியாகவே போட்டேன். அந்த வாடிக்கையாளர் பில்லைப் படம் எடுத்துத் தன் கார்டு வங்கிக்கு அனுப்பிவிட்டார். பத்தே நாளில் என் மெஷினைக் கொடுத்த வங்கியிலிருந்து கடிதம். ஒப்பந்தத்தில் கார்டுக்குக் கூடுதல் வாங்கக் கூடாது என்று இருக்கிறது, இன்னொரு தடவை வந்தால் மெஷினை எடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். 86 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். டெபிட் கார்டில் அந்தக் கழிவை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். விலையிலேயே அந்தச் செலவைச் சேர்த்துத்தான் சீட்டு ஒட்டுகிறேன். பெரிய பில் என்றால், "யு.பி.ஐ.யில் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்று சொல்வேன். பாதிப் பேர் சந்தோஷமாக அதற்கு மாறிவிடுகிறார்கள்.

கைப்பேசிக்கடை, மன்னார்குடி:
அக்கா, கியூஆர் கேள்விக்கு நான் சொல்கிறேன். நீங்கள் ஒட்டியிருப்பது அப்பாவின் சொந்த ஜிபே கியூஆர்தானே? அதில் ரூபே கிரெடிட் கார்டு போகவே போகாது. 2022-இல் யு.பி.ஐ.யில் ரூபே கிரெடிட் கார்டை அனுமதித்தபோதே, கடைகளுக்கு மட்டும்தான், ஆளுக்கு ஆள் அனுப்ப முடியாது என்று வைத்துவிட்டார்கள். அப்பாவின் கியூஆர், அந்தச் செயலியின் கணக்கில் ஓர் ஆள். கடை இல்லை.

வணிகர் கியூஆர் வாங்குங்கள். பான் கார்டு, உதயம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு), கடைப் பெயரில் நடப்புக் கணக்கு, கடை முகப்பின் போட்டோ, ரத்து செய்த காசோலை என்று கேட்பார்கள். வாங்கும்போதே ரூபே கிரெடிட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள். சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை அதில் கழிவு கிடையாது, அதற்கு மேல் போனால் உண்டு. சாதாரணமாக வங்கிக் கணக்கிலிருந்து வரும் யு.பி.ஐ.க்கு எவ்வளவு பெரிய தொகை என்றாலும் கழிவு இல்லை.

வீட்டுச் சாப்பாடு மெஸ்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் மெஷின் தொல்லைதான். நேற்று மதியம் 640 ரூபாய். சாப்பிட்டவர் போனில் பணம் போன மெசேஜ் வந்துவிட்டது, என் மெஷினில் சிலிப் வரவில்லை, திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் மெசேஜைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பணம் வருமா?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
அநேகமாக வராது தம்பி. மெஷினில் கடைசிப் பரிவர்த்தனையை மறுபடி அச்சிடும் வசதி இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். வெற்றி என்று சிலிப் வந்தால் பணம் உங்களுடையது. வராவிட்டால், அந்தத் தொகை 5 நாளுக்குள் வாடிக்கையாளர் கணக்குக்கே தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் அவருக்கு வங்கி நாளுக்கு 100 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது 2019-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. அப்புறம் உங்கள் 640-ஐ அவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். இனிமேல் அவர் போன் மெசேஜை நம்பாமல் உங்கள் சிலிப்பை மட்டும் நம்புங்கள். சமையல் பக்கம் சிக்னல் கிடைக்காது, மெஷினை வாசல் பக்கம் வைத்துப் பாருங்கள்.

விளக்குக்கடை மகள்:
அவசரமாக ஒன்று கேட்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா போனில் 18,000-க்கு விளக்கு கேட்டார். நான் பணம் எப்படி அனுப்புவீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள், கிரெடிட் கார்டின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். "நீயே போட்டுக்கொள் கண்ணு" என்கிறார். எண்களை மெஷினில் தட்டிப் போட முடியுமா?

சுங்குடிக்கடை, மதுரை:
முதலில் அந்தப் படங்களை அழித்துவிடுங்கள். அவரையும் அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் போன் தொலைந்தால் அவர் கார்டும் சேர்ந்து போகும், பழி உங்கள் மேல் விழும். 2022 அக்டோபருக்குப் பிறகு கார்டு எண்ணை எந்தக் கடையும் சேமித்து வைக்கக் கூடாது, பெரிய இணையக் கடைகளே வைப்பதில்லை.

உங்கள் வங்கியிலோ ஏதாவது பேமென்ட் நிறுவனத்திலோ பேமென்ட் லிங்க் வசதி கேளுங்கள். அவர் போனுக்கு லிங்க் போகும், அவரே எண்ணையும் ஓ.டி.பி.யையும் போட்டுக் கட்டுவார். கழிவு இரண்டு சதவீதத்தை ஒட்டி இருக்கும். அனுப்பும்போது விளக்கைக் கழற்றிக் கட்டுவதற்கு முன் தண்டு, தட்டு, அன்னம் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு படம், எடைபோடும்போது ஒரு படம், லாரி ரசீது, இந்த மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பொருள் வரவில்லை, உடைந்து வந்தது என்று கார்டு வங்கியில் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்க அவர்களுக்குப் பெரும்பாலும் 120 நாள் வரை நேரம் இருக்கிறது. அப்போது உங்கள் பக்கம் பேசுவது அந்தத் தாள்தான். மெஷின் சிலிப்பையும் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், வெளுத்துப் போகும் காகிதம் அது.

கணக்கு எழுதுகிறவர்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கார்டில் வாங்கினால் வருமான வரிக்காரர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று அப்பாவுக்குப் பயம் இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். அனுமான வருமான முறையில் ரிட்டர்ன் போடும் சிறு கடைக்கு, ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாக எடுத்துக்கொள்வார்கள். கார்டு, யு.பி.ஐ., வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம்தான். அந்த 42,000 ரொக்கமாக வந்திருந்தால் லாபம் 3,360 என்று காட்ட வேண்டும், கார்டில் வந்ததால் 2,520 காட்டினால் போதும். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவில் இல்லாததால் வங்கி பிடிக்கும் 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடியாது, அதைச் செலவாகவே எழுதுங்கள். வெளிமாநிலத்துக்கு விளக்கு அனுப்ப ஆரம்பிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விளக்குக்கடை மகள்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ரிட்டர்ன் நகலோடு கடிதம் கொடுத்தேன். முதலில், "சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். ஐயா சொன்ன 48-ஐயும் 108-ஐயும் ஒரு தாளில் எழுதி மேலாளர் முன்னால் வைத்தேன். அவர் உட்காரச் சொல்லிவிட்டு அங்கேயே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். வகையை மாற்றிவிட்டார்கள். நேற்று ஒரு டெபிட் கார்டில் 5,000 தேய்த்தோம், 23.60 மட்டும் போயிருக்கிறது. பழைய வித்தியாசம் இன்னும் வரவில்லை, சீல் போட்ட நகல் கையில் இருக்கிறது, 30 நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கோயம்புத்தூர் அம்மா லிங்க்கிலேயே கட்டிவிட்டார், விளக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைப் பெயரில் புது கியூஆர் வந்து, பழையதைக் கிழித்துவிட்டு ஒட்டியாயிற்று. இன்று காலை ஒருவர் ரூபே கிரெடிட் கார்டில் காமாட்சி விளக்கு ஒன்று வாங்கினார், 850 ரூபாய். அப்பா போனில் கணக்கைத் திறந்து இரண்டு தடவை பார்த்தார். 850-உம் முழுசாக வந்திருந்தது. இப்போது அவரே, "அடுத்தவருக்கு எந்தக் கார்டு என்று கேள்" என்கிறார்.