புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பழ ஈ எதற்கு?

தேனி கதிர்:
மார்பகப் புற்றுநோய் என்றாலே பேசப்படும் பிஆர்சிஏ1 மரபணு பழ ஈயிடம் கிடையாது. நமக்கு இருப்பது போன்ற ரத்தக் குழாய்கள் இல்லை, நோயை எதிர்க்கும் டி செல், பி செல்லும் இல்லை. புதுக் குழாய்களை வளர்த்துக்கொண்டு, எதிர்ப்புச் செல்களை ஏமாற்றித்தான் மனிதக் கட்டி பிழைக்கிறது. இந்த இரண்டையும் காட்ட முடியாத பூச்சிக்கு ஏன் பணம்? நோயாளியின் திசுவிலேயே நேரடியாகத் தேடலாமே.

ஆய்வக அகிலா:
கதிர் அண்ணா, நீங்கள் சொன்ன குறைகள் உண்மைதான். ஆனால் திசுவைப் பார்த்தால் எந்த மரபணு கெட்டது என்று தெரியும். கெடுவதற்கு முன் அது என்ன வேலை பார்த்தது? அதை ஈதான் சொன்னது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஈக்களின் மரபணுக்களை ரசாயனத்தால் கெடுத்து, அவற்றின் புழுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். சாதாரணப் புழுவின் வயிற்றில் முள் வரிசையும் வழவழப்பான இடமும் மாறி மாறி வரும். ஒரு வகைப் புழுவில் வழவழப்பே இல்லை, முழுக்க முள். அதில் கெட்டிருந்த மரபணுதான் ஹெட்ஜ்ஹாக். 1980இல் வெளியான அதே ஆய்வில் கிடைத்த பேட்ச்ட் மரபணு, செல்களை வளரச் சொல்லும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞைக்குப் பிரேக் என்பது பின்னால் புரிந்தது. சிறு வயதிலேயே தோலில் புற்றுக்கட்டிகள் வரும் கோர்லின் நோய்க் குடும்பங்களில் 1996இல் தேடியபோது, கெட்டிருந்தது பேட்ச்டின் மனித வடிவம். பிரேக் போனதும் ஓயாமல் வேலை செய்யும் ஸ்மூத்தன்ட் புரதத்தை அடக்கும் விஸ்மோடெகிப் என்ற தோல் புற்றுநோய் மருந்துக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

தேனி கதிர்:
ஸ்மூத்தன்டை அடக்கும் முதல் பொருள் ஈயிடமிருந்தா வந்தது? அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு காட்டுச் செடியைத் தின்ற ஆடுகள் ஒற்றைக் கண் குட்டிகளைப் போட்டன. அந்தச் செடியில் இருந்த சைக்ளோபமைன்தான் அது. அந்தப் பெருமையையும் ஈக்கே கொடுக்காதீர்கள்.

ஆய்வக அகிலா:
சைக்ளோபமைனைப் பிரித்தது 1960களில். அது எதைத் தடுக்கிறது என்று 1998 வரை தெரியாது. ஹெட்ஜ்ஹாக் மரபணு ஒன்று இல்லாத எலிக்குட்டிக்கும் ஒற்றைக் கண் என்று 1996இல் தெரிந்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. எலியில் அந்த மரபணுவைத் தேடியதே ஈயில் கிடைத்ததால்தானே, அண்ணா!

சேலம் ரமணி:
நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சியாளர் ராஸ் கேகன் குழு 2019இல் வெளியிட்டதையும் பாருங்கள். குடல் புற்றுநோய் பரவி, கொடுத்த மருந்துகளுக்கு அடங்காத ஒரு நோயாளி. அவர் கட்டியில் கண்ட 9 மரபணு மாற்றங்களை ஈயில் ஏற்படுத்தி, மருந்துகளைத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். புற்றுநோய் மருந்தான ட்ரமெடினிபும், எலும்புக்குக் கொடுக்கும் ஸோலெட்ரோனேட்டும் சேர்ந்தபோது ஈக்கள் பிழைத்தன. அதையே அவருக்கும் கொடுத்தார்கள். 11 மாதம் நோய் கட்டுக்குள் இருந்தது.

தேனி கதிர்:
அப்புறம் மருந்துக்கு அடங்காத கட்டி வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள், ரமணி. அதுவும் ஒரே ஒரு நோயாளி.

சேலம் ரமணி:
வேறு வழி இல்லாத ஒருவருக்கு 11 மாதம், அண்ணா. அதைச் சிறிது என்று என்னால் சொல்ல முடியாது. ஈக்கு 10 நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். எலியில் இத்தனை மருந்தைச் சோதித்து முடிக்கும்வரை அந்த நோயாளியால் காத்திருக்க முடியுமா?

தேனி கதிர்:
சரி, அடிப்படை ஆராய்ச்சிக்கு ஈ வேண்டும் என்பதில் உங்களோடு சண்டை இல்லை. ஒரு நோயாளிக்கு மருந்து தேர்ந்தெடுக்க ஈயை நம்புவது வேறு விஷயம். ஈ காட்டிய மருந்தை எடுத்தவர்களையும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பெரிய அளவில் சோதிக்க வேண்டும். அதுவரை இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.